பி.எட். இல்லாமல் வகுப்பறைக்குள்

நியூ ஜெர்சி
ஜனவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. "பி.எட். படிக்காதவனை எந்தப் பள்ளிக்கூடத்தில் உள்ளே விடுவார்கள்? யாராவது ஏமாற்றிவிடப் போகிறார்கள்" என்று எழுதியிருந்தாய். பி.எட். முடித்து, டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, வேலைக்கு நீ காத்திருந்ததைப் பார்த்தவன் நான். உனக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன். அத்தானுக்கும் படித்துக் காட்டு.

வேறு தொழிலில் இருந்தவர்களும் ஆசிரியராகலாம் என்று இந்த மாநிலம் 1985-லேயே மாற்று வழி ஒன்றைத் திறந்துவிட்டது. பட்டம் வேண்டும், எடுக்கப்போகும் பாடத்தில் போதிய படிப்பு வேண்டும், பிராக்ஸிஸ் என்ற பாடத் தேர்வில் தேற வேண்டும், 50 மணி நேர முன்பயிற்சியும் உண்டு. என்னுடையது வெளிநாட்டுப் பட்டம். நீ பல்கலைக்கழகத்துக்கு அலைந்து அனுப்பவைத்தாயே, அந்த மதிப்பெண் பட்டியல்களில் ஒவ்வொரு பாடமும் இங்கே எதற்குச் சமம் என்று ஒரு மதிப்பீட்டு நிறுவனம் எழுதித் தந்தது. இத்தனையும் சேர்ந்து கிடைப்பது வேலை தேடுவதற்கான தகுதிச் சான்றிதழ் மட்டுமே. ஒரு பள்ளி வேலை கொடுத்த பிறகுதான் தற்காலிகச் சான்றிதழ். அதன்பின் இரண்டு ஆண்டுகள் பகலில் வகுப்பெடுத்துக்கொண்டே, மற்ற நேரத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் கற்பித்தல் பற்றிப் படிக்க வேண்டும். முதல் வருடம் ஒரு மூத்த ஆசிரியை துணைக்கு இருக்கிறார். மதிப்பீட்டிலும் தேறினால்தான் நிரந்தரச் சான்றிதழ்.

நீ பயிற்சியை முடித்துவிட்டுப் பிள்ளைகள் முன் நின்றாய். நான் பிள்ளைகள் முன் நின்றுகொண்டே பயிற்சி எடுக்கிறேன். உன் வழிதான் நல்லது, அக்கா. என்னிடம் முதல் வருடம் மாட்டிய பிள்ளைகளுக்கு இது நியாயமா என்று அடிக்கடி யோசிக்கிறேன். ஞாயிறு முழுவதும் பாடம் தயாரிப்பது அதனால்தான்.

கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தபால்காரர். பனி பெய்த அன்று யாரும் கேட்காமலே விடியுமுன் எழுந்து தெரு முழுக்க நடைபாதையைச் சுத்தம் செய்வார். நான் ஆசிரியராகிறேன் என்று கேள்விப்பட்டதும், "என்னிடம் நடத்திப் பார்" என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் எப்படி மிகை எண்ணாகும் என்று பள்ளியில் யாருமே தனக்குச் சொல்லவில்லையாம். விதியைச் சொன்னேன், தலையை ஆட்டி மறுத்தார். பிறகு −2-ஐ 3, 2, 1, 0 என்று வரிசையாகப் பெருக்கி எழுதினேன். −6, −4, −2, 0. ஒவ்வொரு படியிலும் இரண்டு கூடுகிறது அல்லவா? அடுத்து −1-ஆல் பெருக்கினால் என்ன வரும் என்றேன். அவரே 2 என்று சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். இத்தனை வருடம் கணக்கோடு வேலை பார்த்தவனுக்கு இப்படி விளக்கத் தோன்றியதே இல்லை.

சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் குறையொன்றுமில்லை. அறையில் இன்னொருவரும் இருக்கிறார், பேச்சுத்துணைக்கு ஆயிற்று. ஹீட்டர் அதிகம் போட்டால் தோல் வறண்டுபோகிறது, அதனால் குறைத்தே வைக்கிறேன். அம்மாவிடம் குளிரைப் பற்றிச் சொல்லாதே.

உன் மகனுக்கு மீசை அரும்பிவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். நான் புறப்பட்ட அன்று என் தோளில் தூங்கியவன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான். வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் பெயர் வாய்வரை வந்து நிற்கிறது. அக்கா, எனக்கு உங்களையெல்லாம் பார்க்க வேண்டும்.

சரி, வீட்டு விஷயம். பாகப்பிரிவினைக்கு நான் நேரில் வர முடியாது. பவர் பத்திரம் எழுதி நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். அங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அத்தானை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல். கிணற்றடிப் பக்கம் பெரியப்பாவுக்கே போகட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் அடுத்த மாத நடுவில் வந்துவிடும். பவர் உன் பெயருக்கா, அத்தான் பெயருக்கா என்று உடனே எழுது.

அன்புத் தம்பி