என் மாத்திரை உனக்கு வேண்டாம்

அன்புள்ள அம்மு,

"உனக்கும் பிபி, எனக்கும் பிபி. நீ போடுற மாத்திரையையே வாங்கிப் போட்டுக்கறேன்மா" என்று நேற்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

வாங்காதே. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தாலும் வாங்காதே. நான் போடுவது டெல்மிசார்ட்டன் 40. நீங்கள் இரண்டு பேரும் குழந்தைக்குக் காத்திருக்கிறீர்கள். கர்ப்பமாக இருக்கும்போது இந்த மாத்திரை உள்ளே போனால் சிசுவின் சிறுநீரகம் பாதிக்கும், பனிக்குட நீரும் குறைந்துபோகும். நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள்ளேயே சில வாரம் ஓடிவிடும் இல்லையா? உன்னைப் போன்ற பெண்களுக்கு லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அதனால் டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகக் குழந்தை விஷயத்தைச் சொல்லிவிடு. கூச்சப்படாதே.

எனக்கும் இந்த மாத்திரை எடுத்த எடுப்பிலேயே அமைந்துவிடவில்லை. முதலில் எனலாப்ரில் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வறட்டு இருமல் வந்தது. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. படுத்தால் தொண்டைக்குள் இறகை விட்டு வருடுவது போல இருக்கும். கற்பூரவல்லி, சுக்குக் கஷாயம், இரண்டு பாட்டில் சிரப் எல்லாம் குடித்துப் பார்த்தேன். கடைசியில் வேறொரு டாக்டர், "என்ன பிபி மாத்திரை போடறீங்க?" என்று கேட்டு, அட்டையைப் பார்த்ததும் மாற்றிக் கொடுத்தார். இருமல் மெல்ல மெல்ல நின்றது. ரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருள் உடம்பில் உண்டாகாமல் எனலாப்ரில் தடுக்கிறதாம். டெல்மிசார்ட்டன் அதை உண்டாக விட்டுவிட்டு, வேலை செய்ய விடாமல் மறிக்கிறதாம். எனலாப்ரில் வகையில் முதலில் வந்த கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது என்று பிறகு படித்தேன். நினைக்க நினைக்க ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் கர்ப்பத்துக்கு அந்த வகையும் ஆகாது.

அப்புறம் அம்லோடிபின் 5 சேர்த்தார்கள். அது ரத்தக் குழாயைத் தளர்த்துவது. ஒரு மாதத்தில் சாயங்காலமானால் மெட்டி இறுகத் தொடங்கியது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். கிட்னி போய்விட்டது என்று எதிர்வீட்டு அக்கா பயமுறுத்திவிட்டார். மாத்திரையால் வந்த வீக்கம்தான் அது, 2.5 ஆகக் குறைத்ததும் வடிந்தது. பயந்துபோய் நானே நிறுத்தாமல் டாக்டரிடம் போய்க் காட்டியதுதான் நான் செய்த நல்ல காரியம்.

உன் அப்பா கதை தெரியுமா? அவருக்கு அட்டனலால். இதயத் துடிப்பைத் தணிக்கிற மருந்து. ராமேஸ்வரம் போனபோது அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டார். மூன்றாம் நாள் நெஞ்சு படபடவென்று அடித்து, முகமெல்லாம் வியர்த்து, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த மருந்தை டக்கென்று நிறுத்தக் கூடாது. நீர் மாத்திரையை அவர் காலையில்தான் போடுவார். ராத்திரி போட்டால் பாத்ரூமுக்கு நடந்தே விடிந்துவிடும்.

இன்னொன்று. மாதவிலக்கு வலிக்கு மெஃபனமிக் ஆசிட் போடுகிறாயே, அந்த வகை வலி மாத்திரைகளே பிபியை ஏற்றும். அதையும் டாக்டரிடம் சொல்.

ஆபீஸ் முகாமில் ஒரு தடவை பார்த்த 148/96-ஐ மட்டும் வைத்துக் கலங்காதே. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் நம் தெருவுக்கு வரும் பெண், ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லிவிட்டுத்தான் பட்டையைக் கட்டுவாள். காபி குடித்து அரை மணி ஆகவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வருவாள். நீயும் அதேபோல ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போ. மேல் எண் 160-ஐத் தாண்டினால் வாரம் முடியக் காத்திருக்காதே.

டாக்டர் எழுதும் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போகாதே.

அன்புடன்,
அம்மா