மதனியை மறந்த முழுப்பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மதத்தலைவர்களும் அரசியலும் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி. பிரிவினையின்போது முஸ்லிம் மதகுருமார்கள் ஒட்டுமொத்தமாக ஜின்னாவின் பின்னால் நின்றார்களாம். ஆதாரம் எதுவும் இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கு ஆதாரம் எதற்கு என்று கட்டுரையாளர் நினைத்திருப்பார்.

மௌலானா உசைன் அகமது மதனியைத் தங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முதல் உலகப்போரின்போது தன் ஆசிரியர் மகமூது ஹசனோடு மால்டா தீவில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1920-ல் திரும்பியவர். மறு வருடமே, ஆங்கிலேயர் படையில் வேலை செய்வது ஹராம், மார்க்கம் தடுத்த செயல் என்ற தீர்மானத்துக்காகக் கராச்சியில் வழக்கு. கிலாபத் இயக்கத் தலைவர்களான அலி சகோதரர்களோடு இரண்டு வருடம் சிறையில். அதே வழக்கில் ஒரு சங்கராச்சாரியாரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார், விடுதலையானார். இது உங்கள் கட்டுரையாளருக்கு எவ்வளவு சுவையான செய்தி! விட்டுவிட்டார்.

1927 முதல் 1957-ல் இறக்கும் வரை உத்தரப் பிரதேசத்தின் தியோபந்த் மதரஸாவின் தலைமை ஆசிரியர் அவர். 1940-லிருந்து, உலமாக்கள் எனும் மார்க்க அறிஞர்களின் அமைப்பான ஜமியத்துல் உலமாவின் தலைவரும் அவரே. ஒரே மண்ணில் வாழ்கிறவர்கள் மதம் வேறானாலும் ஒரே தேசம்தான் என்றார். உருதுக் கவிஞர் இக்பால் அவரைக் கவிதையிலேயே சாடினார். மதனி அசரவில்லை. நபிகள் நாயகம் மதீனாவில் யூதர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையைச் சான்று காட்டி, 1938-ல் இதற்கென்றே புத்தகம் எழுதினார். ஜின்னாவின் முஸ்லிம் லீக்காரர்கள் அவரைப் பொது இடங்களில் அவமானப்படுத்தினார்கள். 1947-ல் நாடு பிரிந்த பிறகும், பாகிஸ்தானுக்கு மூட்டை கட்டியவர்களிடம் போகாதீர்கள், இது உங்கள் ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1954-ல் அரசு பத்மபூஷண் அறிவித்தது.

மறுபக்கம் நின்றவர்களும் உண்டு. அதே தியோபந்தின் ஷபீர் அகமது உஸ்மானி 1945-ல் தனி அமைப்பு கண்டு பாகிஸ்தானை ஆதரித்தார். 1946 தேர்தலில் சென்னை மாகாணத்தின் முஸ்லிம் இடங்களை லீக்தான் வாரிக்கொண்டது என்பதும் உண்மை. ஆனால் அன்று சொத்தோ படிப்போ வரிக்கட்டோ இல்லாதவனுக்கு ஓட்டே கிடையாது. எங்கள் தாத்தா ஓட்டுப் போட்டதே இல்லை, அவரையும் சேர்த்துத்தான் உங்கள் 'ஒட்டுமொத்தம்'. உலமாக்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள், மதனி பக்கம் தோற்றது. இதை எழுத ஒரு வரி கூடுதலாகப் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். நான் கிருஷ்ணகிரி பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். முன்பொருமுறை இதே மாதிரி ஒரு கட்டுரை எங்கோ வந்த அன்று, ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "உங்க ஹஜ்ரத்துங்க எல்லாரும் அந்தப் பக்கம்தானே சார்? அப்புறம் நீங்க ஏன் இங்கயே இருந்துட்டீங்க?" கெட்ட மனிதர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர். பத்திரிகையில் படித்ததைக் கேட்டார். எங்கள் பழையபேட்டையில் என் தலைமுறை ஆட்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது சந்தித்திருப்பார்கள்.

பிரிவினைக் கொள்கையை ஒப்புக்கொண்டு 1944-ல் ஒரு திட்டமே வகுத்தவர் எங்கள் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அதற்காகத் தொரப்பள்ளிக்காரர்களை நிறுத்தி யாரும் கணக்குக் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. ஆண்டுதோறும் அவர் பிறந்தநாளுக்கு நீங்கள் போடும் கட்டுரையை நானும் விரும்பிப் படிக்கிறேன்.

எழுத ஆரம்பித்ததால் சொல்கிறேன். மாவட்ட மலரில் எங்கள் ஊர் என்றால் மாங்காய், கே.ஆர்.பி. அணை, கோட்டை மலை. நாங்கள் வருவது நோன்புக் கஞ்சிப் படத்தில் மட்டும். உருதுப் பள்ளியில் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றி நான் எழுதிய கடிதம் இடமின்மையால் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த வாரம் அதே பக்கத்தில் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு இடம் இருந்தது. முஸ்லிம் தொடர்பான எந்தச் செய்திக்கும் கூட்டமாகத் தொழுகிற அதே பழைய படம். வக்பு என்றாலும் அதுதான், பக்ரீத் என்றாலும் அதுதான், சென்ற ஞாயிறும் அதேதான். அந்தப் படத்தில் முன்வரிசையில் இருப்பவருக்கு இந்நேரம் பேரன் பிறந்திருப்பான்.

சரி. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற ஞாயிறு, அதே இணைப்பில், அதே பக்கத்தில், பிரிவினையை எதிர்த்த உலமாக்களும் இருந்தார்கள் என்று இரண்டு வரி திருத்தம் போடுங்கள். உள்பக்கத்து மூலையில், வரி விளம்பரத்துக்குக் கீழே வேண்டாம். இந்தக் கடிதத்தையும் வெளியிடுவதானால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். நாய்க்குட்டியை எடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். மதனியின் பெயரை மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.