மூன்று ஞாயிறு விதியை எடுத்த ஆண்டு: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, ஆசான்களே, உறுப்பினர்களே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

சென்ற விஜயதசமி முதல் இந்த விஜயதசமி வரையிலான நம் இசைச் சங்கத்தின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. ஆடியில் மட்டும் கூடவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அண்ணன் எனக்குப் பிறகு வாசிப்பார். பொங்கல், தியாகராஜ ஆராதனை, ஓணம், நவராத்திரி என்று நான்கு நிகழ்ச்சிகள் நடந்தன. பொங்கலுக்கு நம் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை இருப்பதால் அன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆராதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன். இந்த ஆண்டு நம் நேரத்தையும் மனத்தையும் எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். அதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறேன்.

வகுப்பறைக் கதவில் ஒட்டியிருந்த தாளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘காரணமின்றித் தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்.’ எழுதியவன் நான்தான். பொறுப்பேற்ற புதிதில், பாய் விரித்துச் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையின் கோபத்தில் எழுதியது. தாளில் ‘காரணமின்றி’ என்று இருந்ததே தவிர, காரணம் என்ன என்று நான் யாரையும் கேட்டதில்லை. மூன்று ஞாயிறு ஆனதும் சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

கல்பாத்தித் தேர் முடிந்த வாரம் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேர்த்திருவிழாக் கச்சேரிக் கூட்டத்தில் நம் பழைய வயலின் மாணவி ஒருவர் தூணோரம் நின்று தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததுதான் காரணம். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கோடு போட்ட பெயர் பதினேழு. ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன், சிலர் வீட்டுக்கே போனேன். ஏன் நின்றீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஆசை போய்விட்டது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

எருத்தேம்பதிப் பக்கத்து அக்கா நான்கு மாடு வைத்திருக்கிறார். காலையில் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் நேரமும் நம் வகுப்பு நேரமும் ஒன்று. “மாட்டுக்கு ஞாயித்துக்கிழம கெடையாதுங்க” என்றார். இரண்டு வருடம் அவர் பாதி வகுப்பில் ஓடி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததை நான் சோம்பல் என்று நினைத்திருந்தேன். மிருதங்கம் வாசிக்கும் தம்பி வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு மில் வேலைக்குப் போகிறவர். பகல், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு வாரம் மாறும். முழு நைட் முடித்து ஞாயிறு காலை வீடு வந்தால், “கை மட்டுமில்லீங்கண்ணா, காதும் தூங்கிரும்” என்றார். ஒருவர் வாரத்தில் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்குப் பாலக்காடு கூட்டிப்போகிறார். ஒரு வீட்டில் மூத்தவள் இங்கே கேரளப் பாடத்திட்டம், இளையவன் எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். ஒரு பிள்ளையின் பரீட்சை முடிந்தால் அடுத்த பிள்ளையின் பரீட்சை, மாசியிலிருந்து சித்திரை வரை வீட்டில் சத்தம் கூடாது. கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணின் வீணை பரணில் பழைய போர்வைக்குள் இருக்கிறது. பிள்ளை பிறந்தபின் இறக்கவே இல்லை. பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் பெண்கள். இந்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு நா எழவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது ஒரு பதில். நன்றாக வாசிக்கக்கூடியவர் சொன்னது: “செம்பை பொறந்த மண்ணுல இருந்துக்கிட்டு, ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் வாசிக்கறதச் சாதகம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வரல.”

இந்த வெட்கம் நம் ஊர்க்காரர்களுக்கு உள்ளது, அதைச் சும்மா விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1896-ல் பிறந்த பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர், 1912-ல் பிறந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், மஞ்சப்பரையின் பாடகர் எம்.டி. ராமநாதன் என்று இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்டு வளரும் பெயர்களெல்லாம் முழு வாழ்க்கையையும் இசைக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள். அந்த மரக்காலைக் கொண்டுவந்து நம் வீட்டு நெல்லை அளந்தால் எப்படி நிறையும்? வெட்கமாக இருந்தது என்றவரிடம் நான் இன்னொருவரைப் பற்றிச் சொன்னேன். ஸ்ரீபாத பினாகபாணி. 1913-ல் பிறந்தவர், ஆந்திரத்துக்காரர், தொழிலால் டாக்டர். கர்னூல் மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். நோயாளியும் மாணவர்களும் கேட்கும் நேரத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில்தான் பாட்டு. அந்த மிச்சத்திலிருந்துதான் நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி, வோலேட்டி வெங்கடேஸ்வரலு போன்ற சீடர்கள் வந்தார்கள். 1983-ல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. நூறு வயதை எட்டச் சில மாதங்களே இருந்தபோது, 2013-ல் மறைந்தார். நம்மில் யாரும் பினாகபாணி ஆகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பகலில் வேறு வேலை பார்ப்பவரைச் சங்கீதத்துக்குப் பாதி ஆளாக எண்ண வேண்டியதில்லை என்று எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. வெட்கப்பட்டு நின்றவர் இப்போது வந்துகொண்டிருக்கிறார். இன்று காலை சுருதி சேர்த்ததே அவர்தான்.

கார்த்திகை செயற்குழுவில் விதியை எடுத்துவிடலாம் என்றேன். மிருதங்க ஆசான் ஒப்பவில்லை. “வீட்டுல கஷ்டம் எல்லாருக்கும் உண்டு தம்பி. தாளத்துக்கு உங்க கஷ்டம் தெரியாது” என்றார். ஓட்டெடுப்பில் விதி போனது. வகுப்பைக் காலை 8 மணிக்குத் தள்ளினோம், ஞாயிறு வர முடியாதவர்களுக்குப் புதன் இரவு ஒரு வகுப்பு வைத்தோம். பதினேழில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆசான் சொன்னது தை மாதம் புரிந்தது. ஆராதனைக்குத் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் எடுத்திருந்தோம். நாட்டை ராகக் கீர்த்தனை ஒழுங்காகப் போனது. கௌளையில் பாதி வழியில் பாட்டு ஓரிடத்திலும் வயலின்கள் ஓரிடத்திலுமாகப் பிரிந்துவிட்டன. ஒத்திகைக்கு ஒருமுறை வந்தவர்களும் வராதவர்களும் ஒன்றாக மேடையில் உட்கார்ந்திருந்தோம், வேறென்ன ஆகும்? ஆசான் கையை எடுக்கவில்லை. ஆதி தாளத்தைத் தனியாகத் தாங்கி, தாளம் தொடங்கும் இடமான சமத்தைப் பளிச்சென்று காட்டிக் காட்டி, எல்லோரையும் ஒரு இடத்தில் கொண்டுவந்து சேர்த்தார். ஆரபி, வராளி, ஸ்ரீ மூன்றும் தப்பித்தன. முடிந்தபின் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானே மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாசியில் அவர் வீட்டுத் திண்ணையிலேயே செயற்குழுவைக் கூட்டினோம். அன்று முடிவானதுதான் இப்போது நடைமுறையில் இருக்கிறது. வகுப்புக்கு யார் வேண்டுமானாலும், எத்தனை நாள் இடைவெளிக்குப் பிறகும் வரலாம். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டோம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்போம். மேடைக்கு மட்டும், கடைசி நான்கு ஒத்திகைக்கு வந்தவர்களே. அந்த நான்கு தேதியை இரண்டு மாதம் முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும் என்றவர் மில் தம்பி. முன்கூட்டித் தெரிந்தால் ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாமாம், ஒரு வாரத்துக்கு முன் சொன்னால் சூப்பர்வைசர் கேட்க மாட்டாராம். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை. ஓண நிகழ்ச்சியில் அதன்படி நடந்தோம். மேடையில் ஆள் குறைவு, ஆனால் ஓர் இடத்திலும் இழை அறவில்லை. மேடை ஏறாதவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார்கள். அடுத்து செண்டைக்காரர்கள் இறங்கியபோது நம் பிள்ளைகளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

வீட்டில் செய்யும் கால்மணி நேரச் சாதகம், அதாவது பயிற்சி பற்றி ஆசான்கள் வகுத்துக் கொடுத்ததையும் பதிவு செய்கிறேன். சுருதியோடு ஒரு ஸ்வர வரிசைக்கு ஐந்து நிமிடம். மீதிப் பத்து நிமிடம் வராத இடத்துக்கு மட்டும். வர்ணத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தால், தெரிந்த பல்லவியிலேயே பத்து நிமிடமும் போய்விடும், பின்னால் வரும், இடறும் சிட்டை ஸ்வரப் பகுதி இடறியபடியே இருக்கும். ஆகவே இடறும் ஆவர்த்தனத்தை, அந்த ஒரு தாளச் சுற்றை மட்டும் எடு, முதல் காலத்தில் மெதுவாகப் பத்து முறை, பிறகு இரட்டை வேகத்தில் இரண்டாம் காலம், பிறகு பெட்டியை மூடு. மில் தம்பி பஸ்ஸில் மிருதங்கச் சொற்கட்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போகிறார். முத்தாய்ப்பாக வாசிக்கும் கோர்வையின் கணக்கு மனதில் நின்றுவிட்டால் தோலில் கை வைக்கும்போது பாதி வேலை முடிந்தது என்கிறார். பிள்ளை தூங்கும் வீட்டில் வயலின் குதிரையின் மேல் ரப்பர் ம்யூட் மாட்டி வாசிக்கிறார்கள். எருத்தேம்பதி அக்கா ஒன்று கண்டுபிடித்தார்: கறந்து முடித்த கையோடு வில்லைப் பிடித்தால் விரல் விறைத்துக் கமகம் வராது, வெந்நீரில் கை நனைத்து, அடுப்படி வேலையைப் பார்த்துவிட்டுப் பிறகு உட்கார்ந்தால் விரல் சொன்னபடி கேட்கும். புத்தகத்தில் இதையெல்லாம் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

கருவிகள் பற்றி. வாசிக்காமல் வைத்த கருவி நம் பகுதியில் சீக்கிரம் கெடும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று மரத்தையும் தோலையும் காயவைத்துவிடுகிறது. வயலினில் தந்தியை முறுக்கும் பிருடை சுருங்கி நிற்காமல் நழுவும், மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஆனி, ஆடியில் அதே தோல் ஈரம் குடித்துத் தளர்ந்து இறங்கும். கடம் ஒன்றுதான் எந்தக் காற்றுக்கும் அசையாமல் இருக்கிறது. திரும்பி வந்தவர்களில் நால்வரின் கருவி வாசிக்கும் நிலையில் இல்லை. இரண்டு மிருதங்கங்களைப் பெருவெம்புக்குக் கொண்டுபோய் தோல் மூட்டு மாற்றி வார் இழுத்து வந்தோம். பாலக்காட்டு மத்தளமும் செண்டையும் மிருதங்கமும் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் ஊர் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது பாக்கியம். பரணில் இருந்த வீணையை இறக்கினோம். மெழுகு இளகி, அதில் பதித்த மெட்டுக் கம்பிகள் சாய்ந்திருந்தன. மெழுகு புதிதாக வைத்துத் தருபவரைப் பொங்கலுக்குப் பிறகு வரவழைத்தோம். சொந்தக் கருவி வாங்க முடியாதவர்களுக்காக அலமாரியில் மூன்று வயலின், ஒரு எச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் வைத்திருக்கிறோம். பெயர் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

இனி என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பதினேழு பேரிடம் கேட்ட கேள்வியை என் வீட்டிலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் புல்லாங்குழலோடு இங்கே இருந்த ஞாயிறுகளில் படுக்கையில் இருந்த அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றியவள் என் மனைவி. அவள் பள்ளி நாட்களில் நன்றாகப் பாடியவள். சங்கத்துக்கு வா என்று ஒருநாளும் நான் அழைத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. இந்த ஆண்டு பங்குனி முதல் புதன் வகுப்பு அவளுடையது. புதன் இரவு அம்மாவோடு நான் இருக்கிறேன். அம்மாவுக்கு நான் ஊதுவது பிடிக்கும், ஆனால் மருந்து கொடுக்கும் நேரத்தை மறந்தால் கையை நீட்டிக் குழலைப் பிடித்துக்கொள்வார். ஆண் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் இங்கே வாசிக்கும் இரண்டு மணி நேரம் வீட்டில் யாருடைய நேரம் என்று பாருங்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வாரத்தில் ஒரு வேளை இருக்கும்.

வருத்தத்தோடு சொல்ல வேண்டியவை. பதினேழில் எட்டுப் பேர் வரவில்லை. இருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு இப்போது முடியாது. அவர்கள் பெயர்மேல் இருந்த சிவப்புக் கோட்டை அடித்துப் பெயரைக் கீழே மீண்டும் எழுதி வைத்திருக்கிறேன். டயாலிசிஸுக்கு அப்பாவைக் கூட்டிப்போன தம்பியின் தந்தை ஆவணியில் காலமானார். பதினாறாம் நாள் முடிந்து அடுத்த ஞாயிறு அவர் வந்தார், வாசிக்கவில்லை, ஒரு மூலையில் தம்புரா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று வகுப்பு அவருக்காகச் சற்று நீண்டது.

வரும் ஆண்டுக்கு மூன்று விஷயங்கள். புதன் வகுப்புக்கு இன்னொரு வயலின் ஆசான் வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆராதனை ஒத்திகையின் நான்கு தேதிகள் இன்றே பலகையில் ஒட்டப்படுகின்றன, ஷிப்ட் உள்ளவர்கள் முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கதவில் இருந்த தாளை நான் கிழித்துவிட்டேன், பசைத் தடம் மட்டும் இருக்கிறது, வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பின்னறை விட்டத்தில் தூளி கட்டச் சென்ற மாதம் ஒரு கொக்கி அடித்தோம். இப்போது இரண்டு கைக்குழந்தைகள் வருகிறார்கள். இன்னொரு கொக்கிக்குச் செயற்குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆசாரி வரும் சனிக்கிழமை வருகிறார்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்