டவுனுக்கு வரும் தெமியார் குடும்பங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலு சுங்கை சிப்புட்டிலிருந்து வேலை தேடி டவுனுக்கு வரும் தெமியார் பூர்வகுடிக் குடும்பங்களுக்கு முதல் முட்டுக்கட்டை வாடகை. மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) அறை என்றால் இரண்டு மாத முன்பணம், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என 1,050 வெள்ளியை ஒரே நாளில் வைக்க வேண்டும். நாள் சம்பளக்காரர் எங்கே போவார்? ஒப்பந்தமே இல்லாமல் கடைவீட்டு மாடியில், சன்னல் இல்லாத பலகைத் தடுப்புக்குள் ஒண்டுகிறார்கள். ஒரே பிளக்கில் சோற்றுப் பானை, காற்றாடி, அடுப்பு எல்லாம். வயர் சூடேறி உறை இளகுகிறது. ஒப்பந்தம் இல்லாததால் முகவரிச் சான்றும் இல்லை.

இதைவிடக் கொடுமை பிறப்புப் பத்திரச் சிக்கல். பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு, விசாரணை, சாட்சி என்று அலைச்சல். பெற்றோர் வழக்கப்படி மணந்ததற்குச் சான்று காட்ட முடியாவிட்டால், பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும் நிலை வரலாம். தாய்க்கு மைகாட் (அடையாள அட்டை) இல்லையென்றால், தகப்பனிடம் அது இருந்தாலும் பயனில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் இதே சிக்கலில் பள்ளிக்கூட வாசலில் நின்றதை நாம் பார்த்தவர்கள்தானே!

இதைத் தீர்க்க, பாத்தினின் (பூர்வகுடிக் கிராமத் தலைவரின்) உறுதிக் கடிதத்தோடு ஜாக்கோவா எனும் பூர்வகுடி மேம்பாட்டு இலாகா அதிகாரியும் பதிவு இலாகாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனிலேயே ஒன்றாக உட்காரட்டும். வார நாளில் வந்தால் அன்றைய கூலி போய்விடும். வீட்டுக்காரர்கள் முன்பணத்தை மூன்று தவணையாக வாங்கலாம். முதலாளிகள் வேலைக்குச் சேர்த்த 30 நாளுக்குள் அவர்களைச் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) பதிய வேண்டும்; அது சலுகையல்ல, சட்டம்.

தோட்டத்து வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்