கயலுக்கு: பழைய தில்லியில் ஒரு நாள்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். காலையில் குதுப்மினார், பிறகு ஹுமாயூன் கல்லறை, மதியம் செங்கோட்டை, சாயங்காலம் சாந்தினி சௌக். ஒரு நாளுக்கு இது அதிகம்மா. குதுப்மினார் தெற்குக் கோடி, செங்கோட்டை வடக்கே. மெட்ரோ ஏறி இறங்கி நடப்பதிலேயே அரை நாள் கரைந்துவிடும். முதல் இரண்டையும் அடித்துவிடு. அந்தச் சனிக்கிழமை முழுவதையும் பழைய தில்லிக்குக் கொடு. ஷாஜகான் ஆக்ராவை விட்டு வந்து கட்டிய தலைநகர் அது. கோட்டை, மசூதி, கடைவீதி மூன்றும் நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன.

சனிக்கிழமை நல்ல நாள். ஞாயிறென்றால் மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், திங்களன்று செங்கோட்டைக்கு விடுமுறை, வெள்ளி மதியம் மசூதிக்குள் பார்வையாளர்கள் போக முடியாது. ஒன்றை மட்டும் மனதில் வை. அங்கே கடைகள் சூடுபிடிப்பது பதினொரு மணிக்குமேல்தான். அதனால் திறந்தவெளி இடங்களை அதற்கு முன்பும் சந்துகளை அதற்குப் பின்பும் வைத்துக்கொள். முறை மாறினால் கடை திறக்காத சந்தில் ஷட்டரைப் பார்த்து நடப்பாய், கோட்டை வாசலில் வரிசையில் நிற்பாய்.

புது தில்லி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் முதல் வேலை பெரிய பையைக் கிளாக் ரூமில் போடுவது. முதுகுப்பையோடு அந்தச் சந்துகளில் நடக்கவே முடியாது. நீ திரும்பும்போதெல்லாம் யார்மேலாவது இடிக்கும், பின்னால் ஜிப்பைத் திறந்தாலும் தெரியாது. பூட்டில்லாத பையைக் கிளாக் ரூமில் வாங்க மாட்டார்கள். உன் பையில் இரண்டு ஜிப் தலைகளும் சேருகிற இடத்தில் சின்னப் பூட்டு ஒன்று போதும். ஆனால் மேல்பக்கம் கயிறு இழுத்துக் கட்டுகிற மாதிரி இருக்கிறதே, அதற்கு மெல்லிய கம்பிச் சங்கிலி ஒன்று வாங்கிக்கொள். பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் கேட்பார்கள். ரசீதை உடனே போட்டோ எடுத்துவிட்டு உள்பையில் வை.

கையில் சின்னப் பை மட்டும், அதுவும் நெஞ்சுப்பக்கம். தண்ணீர், பவர் பேங்க், துப்பட்டா, ஒரு ஜோடி காலுறை, என்95 முகக்கவசம், செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை. டிசம்பரில் அந்த ஊர்க் காற்று மோசமாக இருக்கும், முகக்கவசத்தை மறக்காதே. பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வை. பத்தும் இருபதுமாகச் சில்லறை நோட்டு நிறைய வேண்டும். சந்துக்குள் சிக்னல் போய்விட்டால் போன் காசு உதவாது.

அஜ்மீரி கேட் பக்கமாக வெளியே வா, மெட்ரோ அந்தப் பக்கம்தான். வழியில் யாராவது தானாக வந்து "மெட்ரோ மூடியிருக்கு", "உங்க டிக்கெட்டை ஆபீஸில் காட்டணும்" என்று சொன்னால் நிற்காமல் நட. மஞ்சள் வழித்தடத்தில் அடுத்த ஸ்டேஷனே சாவ்ரி பஜார். வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு.

சாவ்ரி பஜாரில் ஏறி வந்ததும் கிழக்கே நேராக நட. பித்தளைக் கடையும் கல்யாணப் பத்திரிகைக் கடையுமாக நிறைந்த தெரு, அந்நேரம் வெறிச்சோடிக் கிடக்கும். தலைக்குமேல் மின்கம்பிகள் கொடி படர்ந்த மாதிரி பின்னிக் கிடப்பதை அப்போதுதான் நின்று பார்க்க முடியும். தெரு முடிவில் தெரிவது ஜும்மா மசூதியின் முதுகு. சுற்றிப் போனால்தான் வாசல். வழியில் தள்ளுவண்டியில் வெள்ளை நுரையைக் குன்றாகக் குவித்து வைத்திருந்தால் விடாதே. அது தௌலத் கி சாட். பாலைக் கடைந்து எடுத்த நுரையின்மேல் குங்குமப்பூவும் கோவாவும் சர்க்கரைத் தூளும் போட்டுத் தருவார்கள். வெயில் ஏறினால் அமுங்கிவிடும் என்பதால் குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

மசூதி 1656-இல் முடிந்தது. முற்றத்தில் இருபத்தைந்தாயிரம் பேர் நிற்கலாம். ஏழரை மணிக்குப் போனால் புறாக்களும் நீயும்தான். காலும் தோளும் மூடிய உடையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வாசலில் அங்கி மாட்டிவிட்டுக் காசு கேட்பார்கள். செருப்பை வெளியே விடாமல் துணிப்பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போ. காலுறையோடு நடக்கலாம். சிவப்புக் கல் கோடையில் பொசுக்கும், டிசம்பர் காலையில் பனிக்கட்டிதான். கேமராவுக்குக் கட்டணம் கேட்டால் ரசீது கேள். 2022 நவம்பரில் ஆண் துணையில்லாமல் வரும் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் அறிவிப்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். மினார் கோபுரத்துக்கு மட்டும் தனியாக வரும் பெண்ணை ஏற்றுவதில்லை என்பது பழைய வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லைதான், ஆனாலும் அங்கே நின்று வாதாடி உன் காலைப்பொழுதைத் தொலைக்காதே. கிழக்கு வாசல் படிகளில் உட்கார்ந்தால் எதிரே செங்கோட்டை தெரியும். அந்தக் காட்சி போதும்.

ஒன்பதரைக்குக் கோட்டை. டிக்கெட்டை முந்தின இரவே தொல்லியல் துறைத் தளத்தில் எடுத்துவிடு. லாகூர் வாசல் வழியாகத்தான் நுழைவு. உள்ளே போனதும் ஏன் இப்படி வெறும் புல்வெளியாக இருக்கிறது என்று தோன்றும். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீடுகள் கட்டினார்கள். நடுவில் நிற்கும் நீளக் கட்டடங்கள் அவைதான். இது தெரியாமல் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். திவானே ஆமில், அதாவது அரசர் பொதுமக்களைச் சந்தித்த மண்டபத்தில், சிம்மாசனப் பளிங்கு மண்டபத்தின் பின்சுவரை மட்டும் அவசரப்படாமல் பார். கறுப்புக் கல்லில் வண்ணக் கற்கள் இழைத்த பறவைகள், பூக்கள், எல்லாவற்றுக்கும் மேலே இசைக்கருவியோடு ஆர்ஃபியூஸ், கிரேக்கக் கதையின் பாடகன். முகலாய அரசவையில் அவனுக்கு ஓர் இடம்! பக்கத்தில் போக விடமாட்டார்கள், போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார். ஒரு படைவீட்டில் நேதாஜி, ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) அருங்காட்சியகம் இருக்கிறது. தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை, விட்டுவிடாதே. பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடு.

கோட்டைக்கு எதிரே தொடங்குவதுதான் சாந்தினி சௌக். ஃபத்தேபுரி மசூதி வரை ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டி கிடையாது. இதை முதுகெலும்பாக வைத்துக்கொள். சந்துகளில் ஜி.பி.எஸ். தடுமாறும், ஏனென்றால் வானம் ஒரு முழ அகலம்தான், சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பும். நீலப் புள்ளியை நம்பாமல், கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் "பையா, சாந்தினி சௌக் கிதர்?" (அண்ணா, சாந்தினி சௌக் எங்கே?) என்று கேள். தானாக வந்து வழிகாட்டுகிறவரிடம் "நஹீ சாஹியே" (வேண்டாம்) போதும்.

மதியச் சாப்பாட்டுக்கு சீஸ்கஞ்ச் குருத்துவாரா, சீக்கியர் கோயில். 1675-இல் சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான தேக் பகதூரைத் தலை வெட்டிக் கொன்ற இடம். தலையைத் துப்பட்டாவால் மூடு, செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போ. லங்கரில், அதாவது எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் கூடத்தில், எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு உள்ளங்கையும் சேர்த்து ஏந்தி வாங்கணும், தட்டைக் காட்டக் கூடாது. போட்டதை மிச்சம் வைக்காதே. தனியாகப் போகும் பெண்ணுக்கு அந்தத் தெருவில் நிம்மதியாக உட்கார அதைவிட நல்ல இடம் இல்லை.

பிறகு கினாரி பஜார். ஜரிகைக் கடைகளுக்கு நடுவே நௌகரா என்று ஒரு முட்டுச்சந்து பிரியும், வண்ணம் தீட்டிய ஒன்பது பழைய ஜைன வீடுகள். குடியிருக்கும் வீடுகள் அவை, கதவுக்குள் போனை நீட்டாதே.

ஃபத்தேபுரிக்கு அப்பால் காரி பாவ்லி, மசாலா மண்டி. முகக்கவசத்தை இறுக்கிப் போடு. மூட்டையிலிருந்து கிளம்பும் மிளகாய்த் தூள் காற்றிலேயே நிற்கும், சுமை தூக்குகிறவர்களே இருமிக்கொண்டுதான் நடப்பார்கள். கண்ணைத் தேய்க்காதே. கைவண்டிகளுக்குப் பிரேக் கிடையாது, பாரத்தோடு உருள ஆரம்பித்தால் இழுப்பவரே நினைத்தாலும் சட்டென்று நிறுத்த முடியாது. போட்டோ எடுக்கத் தெரு நடுவில் நிற்காமல் சுவரோடு ஒட்டி நில். சைக்கிள் ரிக்‌ஷா ஏறுவதானால் கூலி ஆளுக்கா, வண்டிக்கா என்று முதலிலேயே கேட்டுவிடு. சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.

ரயில் தாமதமாகி நேரம் குறைந்தால் கோட்டையை விட்டுவிடு, மசூதியையும் சந்துகளையும் விடாதே. டிசம்பரில் மூடுபனி வந்தால் வடக்கத்தி ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.

ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்து மணிக்கு மெட்ரோவில் இரு. ராத்திரி ரயிலுக்கு முன் டிக்கெட்டில் ஸ்டேஷன் எழுத்தைப் பார். என்.டி.எல்.எஸ். என்றால் புது தில்லி, டி.எல்.ஐ. என்றால் பழைய தில்லி, என்.இசட்.எம். என்றால் நிஜாமுதீன். பழைய தில்லி ஸ்டேஷன் சாந்தினி சௌக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, உன் பையோ புது தில்லியில் இருக்கும். ரயில் எங்கிருந்து கிளம்பினாலும் முதலில் பையை எடு. ரசீது எங்கே வைத்தாய் என்று இப்போதே யோசித்துக்கொள், ஏறினதும் பெட்டி எண்ணை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா