அட்டைக்கு ஓராண்டு, சான்றுக்கு 210 நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளோடு குடியேறிவிட்ட முதியவர்களின் மருத்துவச் செலவுகளைப் பற்றித் தங்கள் இதழில் வரும் கடிதங்களை விடாமல் படித்துவருகிறேன். மெடிகேர் எனும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, மாத்திரை விலை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத சிரமம் எனப் பலவும் பேசப்படுகின்றன. ஆனால், ஃப்ளோரிடா மாநிலத்தில் மருத்துவக் கஞ்சாவுக்கான நோயாளி அட்டை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி எவரும் எழுதி நான் கண்டதில்லை. அத்தகைய குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் வீடு அவற்றுள் ஒன்று. கஞ்சா என்றதும் நம்மவர்களின் முகம் போகும் போக்கை அறிந்தவர்கள் என்பதால் இதை யாரும் வெளியே சொல்வதில்லை. அதனாலேயே, அட்டையை எப்படி வாங்குவது, எப்போது புதுப்பிப்பது என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டறியும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

ஃப்ளோரிடா வாக்காளர்கள் 2016 நவம்பரில் 71 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆதரவுடன் மருத்துவக் கஞ்சாவை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் வாங்க அனுமதிக்கும் திருத்தம் 2024இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தும், தேவையான 60 விழுக்காடு கிடைக்காததால் தோற்றது. ஆகவே இங்கு நோயாளிக்கு அட்டை ஒன்றே வழி. புற்றுநோய், வலிப்பு, க்ளாக்கோமா, க்ரோன் நோய், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், பார்க்கின்சன் முதலியவை சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட நோய்கள். என் மாமியாருக்குப் பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய். நரம்பியல் மருத்துவர் தரும் மாத்திரைகளுக்கு இது மாற்று அன்று என்பதையும், இந்த நோயில் கஞ்சாவின் பயன் உறுதியாக நிறுவப்படவில்லை என்பதையும் அவருக்கு முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரவில் தசை இறுக்கம் சற்றுத் தளர்ந்து அவர் உறங்குகிறார் என்பதற்காகவே நாங்கள் தொடர்கிறோம்.

முதன்முறை விண்ணப்பிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. இதற்கென 2 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்த மருத்துவர் ஒருவர் நோயாளியை நேரில் பரிசோதித்து, மாநிலப் பதிவேட்டில் சேர்த்து, இவருக்குக் கஞ்சா தரலாம் என்ற சான்றை அதில் பதிய வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ பெரும்பாலும் அந்தப் பயிற்சியை எடுத்திருப்பதில்லை என்பதால், இதற்கென்றே வேறொரு மருத்துவரைத் தேட வேண்டியிருக்கிறது. பிறகு மாநில சுகாதாரத் துறையின் மருத்துவக் கஞ்சாப் பயன்பாட்டு அலுவலகத்துக்கு 75 டாலர் கட்டி விண்ணப்பித்தால், ஒப்புதல் மின்னஞ்சலில் வருகிறது. அட்டை தபாலில் வந்து சேரும்வரை அந்த மின்னஞ்சலைக் காட்டியே டிஸ்பென்சரியில், அதாவது மருத்துவக் கஞ்சா விற்கும் கடையில், வாங்கிக்கொள்ளலாம். நோயாளியால் நேரில் போக முடியாவிட்டால் 21 வயது நிரம்பிய ஒருவர் பராமரிப்பாளராகப் பதிந்துகொள்ளலாம். அவரும் ஒரு பயிற்சியை முடித்துத் தனி அட்டை பெற வேண்டும். நெருங்கிய உறவினராக இருந்தால் பின்னணிச் சோதனை தேவையில்லை என்ற சலுகை மருமகளுக்கும் பொருந்தும். இருந்தும் எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை நான் ஏற்கவில்லை, என் கணவர் ஏற்றிருக்கிறார். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என் மனக்குறை புதுப்பித்தலைப் பற்றியது. அட்டை ஓராண்டுக்குச் செல்லும்; காலாவதிக்கு 45 நாள் முன்னதாகவே புதுப்பிக்க விண்ணப்பித்து, மறுபடியும் 75 டாலர் கட்ட வேண்டும். மருத்துவரின் சான்றுக்கு வேறொரு கணக்கு. ஒரு சான்றில் 70 நாளுக்கான மருந்தளவை மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது என்று சட்டம் சொல்வதால், அதன் ஆயுள் 210 நாளோடு முடிந்துவிடுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்கினாலும் முதல் சான்று 210ஆம் நாளிலும், இரண்டாவது சான்று 420ஆம் நாளிலும் முடிய, இடையில் 365ஆம் நாளில் அட்டை காலாவதியாகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இந்தத் தேதிகள் முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கின்றனவே தவிர, ஒன்றோடொன்று இணைவதில்லை. கையிலிருக்கும் அட்டையில் தேதி மிச்சமிருக்கிறது என்று நம்பி டிஸ்பென்சரிக்குப் போகிறவரை, பதிவேட்டில் சான்று முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். சான்று உயிரோடிருந்து அட்டை முடிந்துபோனாலும் இதே கதைதான். கைநடுக்கமும் மறதியும் உள்ள எழுபது வயதுக்காரர் இந்த இரண்டு தேதிகளையும் தாமே நினைவில் வைத்துக்கொள்வார் என்று யார் எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை.

செலவையும் சொல்ல வேண்டும். மருத்துவர் வாங்கும் கட்டணத்துக்கு அரசு வரம்பு எதுவும் வைக்கவில்லை; மெடிகேரோ தனியார் காப்பீடோ இதில் ஒரு காசும் தருவதில்லை. 2023 ஜூலை முதல் மறுசான்றுக்குக் காணொலி வழியாக மருத்துவரைப் பார்க்கலாம் என்று சட்டம் தளர்த்தப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பு நேரில் பரிசோதித்த அதே மருத்துவரிடம் மட்டுமே அந்த வசதி. மருத்துவரை மாற்றினால் மறுபடி நேரில் போக வேண்டும். அடிக்கடி பரிசோதித்தால்தான் பணத்துக்குச் சான்று விற்பவர்களைக் கட்டுப்படுத்த முடியும் என்று இந்த 210 நாள் ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் வாதிடுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் அந்தக் காணொலிச் சந்திப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கேட்கப்படுவன முந்தைய தடவை கேட்ட அதே கேள்விகள். பணத்துக்குச் சான்று தருகிறவருக்கு இந்த விதி கூடுதல் வருமானத்தையே தருகிறது. குணமாகாத நோய் 210 நாளில் குணமாகிவிட்டதா என்று விசாரிப்பதில் வேறு என்ன பயன் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மற்ற மாநிலங்கள் இவ்வளவு சுற்றிவளைக்கவில்லை. பென்சில்வேனியாவில் சான்று ஓராண்டு வரை செல்லுபடியாகலாம். அட்டைக் கட்டணம் 50 டாலர், அரசின் உதவித் திட்டங்களில் இருக்கும் ஏழைகளுக்கு அதிலும் சலுகை உண்டு. அரிசோனா 2019இலேயே அட்டையை ஈராண்டுக்கு நீட்டித்துவிட்டது. ஒக்லஹோமாவிலும் ஈராண்டுதான், அங்கு 100 டாலர் கட்டணம், மெடிகேரிலோ, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகெய்டிலோ இருப்பவருக்கு 20 டாலராகக் குறைகிறது.

நம் குடும்பங்களுக்கே உரிய இரண்டு செய்திகளையும் எழுதாமல் விட முடியாது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்திய அரசின் குடிவரவுத் துறை கஞ்சாவை மத்தியச் சட்டத்தின் கண்ணால்தான் பார்க்கிறது. மாநிலத்தில் சட்டப்படி நடந்த செயலாக இருந்தாலும், கஞ்சா தொடர்பான செயல் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக் குறைவாகக் கொள்ளப்படலாம் என்று 2019 ஏப்ரலில் அத்துறை எழுத்திலேயே தெளிவுபடுத்தியது. மாமியாரும் கணவரும் அமெரிக்கக் குடிமக்கள். நான் இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறேன். மாமியாருக்காக வாங்கி வருவதுகூட என் பெயரில் இருக்க வேண்டாம் என்று குடிவரவு வழக்கறிஞர் அறிவுறுத்தியதால்தான் பராமரிப்பாளர் பொறுப்பு என் கணவரிடம் போயிற்று. கிரீன் கார்டிலோ விசாவிலோ இருக்கும் முதியவர்கள், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. சான்று தரும் மருத்துவர் யாரும் எங்களிடம் இதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

இன்னொன்று ஊருக்குப் போவது. குளிர்காலத்தில் சில மாதங்களைச் சென்னையிலோ மதுரையிலோ கழிக்கும் முதியவர்கள் நம்மிடையே பலர். இந்த மருந்தை விமானத்தில் கொண்டுபோக மத்தியச் சட்டம் இடம் தராது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது சிறைக்குரிய குற்றம். ஃப்ளோரிடா அட்டையைக் காட்டினால் மீனம்பாக்கத்தில் விட்டுவிடுவார்கள் என்று ஒரு பெரியவர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்! அங்கே இருக்கும் காலத்தில் இங்கே சான்றின் நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பயன்படுத்தாத நாள்களை யாரும் திருப்பித் தருவதில்லை. எனவே புறப்படும் முன் இரண்டு தேதிகளையும் பதிவேட்டில் பார்த்துக்கொண்டு, முடிந்தால் திரும்பி வந்த பிறகு சான்று தொடங்கும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

ஃப்ளோரிடா சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஆண்டுக்கு 60 நாள்தான் நடைபெறுகிறது. தங்கள் இதழைப் படிக்கும் ஃப்ளோரிடா வாக்காளர்கள், அதற்கு முன்பே தத்தம் தொகுதி உறுப்பினருக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்க வேண்டியது பெரிய மாற்றமன்று: பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் போன்ற தீராத நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் சான்றும் அட்டையும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடியும்படி, மருத்துவக் கஞ்சாவுக்கான விதிகளைக் கொண்ட மாநிலச் சட்டத்தின் 381.986ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். மெடிகெய்டில் இருப்பவர்களுக்கு 75 டாலர் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். நோயாளியை இடையில் பார்க்க வேண்டுமென்று மருத்துவர் கருதினால் அழைத்துப் பார்க்கும் உரிமை மருத்துவருக்கு அப்போதும் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டாம்பா, ஃப்ளோரிடா.