அப்பா எழுதி வைத்த சீட்டுகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது மூன்று நாளாக மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. "அப்பா சேர்த்த பழைய காசையெல்லாம் புது பிளாஸ்டிக் பெட்டிக்கு மாத்திடலாம்மா, அந்தப் பழைய காகித உறையெல்லாம் எதுக்கு?" என்றாய். அப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பிளாஸ்டிக் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மெத்தென்றிருக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறையில் செம்புக் காசை வைத்தால், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுவென்று கசிந்து காசையே தின்றுவிடும். அப்பா ஒவ்வொரு காசையும் பருத்தித் துணி உறையில் போட்டு, அதைக் காகித உறைக்குள் வைத்தது அதற்காகத்தான். அதற்குள் காசோடு இருக்கும் சீட்டுதான் நான் சொல்ல வந்தது.

கல்யாணமாகி பிலடெல்பியாவுக்கு வந்த புதிது. அப்பா மேசையில் கருத்துப்போன ஒரு 1798 சென்ட், அமெரிக்காவின் பழைய செம்புக் காசு, கிடந்தது. ஊரில் செம்புக்குடம் என்றால் புளி போட்டுத் துலக்கித்தானே பழக்கம்? அதையும் துலக்கிப் பளபளவென்று வைத்தேன். இருநூறு வருஷமாகப் படிந்த பழுப்பு நிறம் ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. செம்பின் தோல் அது. ஒருமுறை போனால் திரும்பாது. அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. போன மாதம் அந்த உறையைத் திறந்தேன். வாங்கிய தேதி, விற்றவர், முன்பு வந்த ஏலப் பட்டியலின் எண், எல்லாவற்றுக்கும் கீழே அவர் கையெழுத்தில்: "1991, வீட்டில் புளியால் துலக்கப்பட்டது." யார் துலக்கியது என்று எழுதவில்லை. நாளைக்கு வாங்குகிறவன் ஏமாறக் கூடாது என்று நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சின்ன வயதில் உன்னை ஏழாவது தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போவாரே, ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவின் முதல் நாணயச்சாலை இருந்த இடம் அது. இப்போது அங்கே அரசுக் கட்டடம் நிற்கிறது. 1793இல் அங்கேதான் செம்பு சென்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். பின்பக்கம் பதினைந்து வளையம் கொண்ட சங்கிலி. அடித்தது மொத்தம் 36,103. சுதந்திரம் வாங்கிய நாட்டுக்குச் சங்கிலியா என்று அப்போதே முணுமுணுத்தார்களாம். அந்தக் காசு நம் வீட்டுக்கு வரவேயில்லை, விலை அப்படி. அப்பாவுக்குப் பிரியமானது 1794. அச்சுகளைக் கையால் செதுக்கிய காலம். முன்பக்கத்துச் சுதந்திர தேவிக்கு ஒரு அச்சில் இருக்கிற கூந்தல் இன்னொன்றில் இருக்காது. அந்த ஒரு வருஷத்துக் காசில் மட்டும் ஐம்பதுக்கு மேல் வகை உண்டு. ஒன்றின் பின்பக்க ஓரத்தில் 94 குட்டி நட்சத்திரங்கள். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. லென்ஸை என் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுவார்.

அந்த வகைகளுக்கு 1949இல் எண் போட்டவர் ஷெல்டன் என்கிற உளவியலாளர். காசின் தரத்துக்கு ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் போடுகிற வழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி, கண்ணா. பிட்ஸ்பர்க்கின் அலுமினியத் தொழிலதிபர் ஜார்ஜ் கிளாப் தன் சென்ட் தொகுப்பை நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குக் கொடுத்தார். ஷெல்டன் அங்கே ஆராய்ச்சி என்று போய் உட்கார்ந்து, நல்ல காசை எடுத்துக்கொண்டு அதே வகையில் மட்டமான தன் காசை அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். எண்ணிக்கை குறையாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1972இல் தன் தொகுப்பைக் கலிபோர்னியா சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்றார். 1977இல் இறந்தும் போனார். கிளாப் காசுகளின் பழைய புகைப்படங்களையும் குறிப்புகளையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. ஒரே அச்சில் வந்தாலும் ஒவ்வொரு காசுக்கும் தனியாகக் கீறலும் பள்ளமும் இருக்கும், நம் கைரேகை மாதிரி. சங்கத்துக்கும் அந்தச் சேகரிப்பாளருக்கும் இடையிலான வழக்கு கலிபோர்னியா நீதிமன்றம் வரை போனது. காசு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்துதான் வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவை எண்ண வேண்டும் என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பல காசுகள் சங்கத்துக்கே திரும்பி வந்தன.

கிளாப் எழுதி வைத்ததை எவரோ ஒருவர் "பழைய காகிதம்" என்று குப்பையில் போட்டிருந்தால்? அப்பா சீட்டில் ஷெல்டன் எண்ணைத்தான் எழுதுவார், வேறு வழியில்லை. ஆனால் அந்த மனிதரை அவர் மன்னிக்கவேயில்லை.

காசை விற்பதானால் விற்றுக்கொள். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், வீட்டுக்கடன் உனக்குத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றையும் அதன் உறையோடும் சீட்டோடும் கொடு. சீட்டுகளைத் தனியாக ஒரு கவரில் சேர்த்துவிடாதே, பிறகு எது எதனுடையது என்று எவராலும் சொல்ல முடியாது. முதலில் காசையும் சீட்டையும் ஒன்றாக வைத்துப் போட்டோ எடு, இரண்டு பக்கமும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கு, முகத்தில் விரல் படக் கூடாது. தூசியிருந்தால் மேசை இழுப்பறையில் ஒட்டக முடித் தூரிகை இருக்கிறது, அது போதும். தண்ணீர் வேண்டாம். புளி தடவிய காசு மட்டும் என்னிடமே இருக்கட்டும்.

ஒரு 1794 உறையில் அப்பாவுடையது தவிர வட்டமாக வெட்டிய பழைய சீட்டு ஒன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் மரப்பெட்டி அறைகளில் காசுக்கு அடியில் வைப்பார்களே, அது. பென்சில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. "பிலடெல்பியா" என்பது மட்டும் தெரிகிறது, அதற்கு முன்னால் ஒரு பெயர் இருக்கிறது. அப்பாவாலும் படிக்க முடியவில்லை, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். டிசம்பரில் வரும்போது அந்தப் பெரிய லென்ஸ் வைத்த விளக்கைக் கொண்டு வா. நாம் இரண்டு பேருமாகப் படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா